சேவுப் பக்கம் குதித்த எண்கள்

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் எழுதப்படாத விதி ஒன்றே ஒன்றுதான். ரிப்பேருக்குப் போன இடத்தில் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் போடக்கூடாது. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒரு மளிகைக் கடைக்குத் தராசு பார்க்கப் போனாராம். சோதனைக்கென்று முந்திரிப் பருப்பை நிறுத்துப் பார்த்திருக்கிறார். தராசு சரியாகிவிட்டது, பருப்பைக் காணவில்லை. கடைக்காரர் போன் போட்டு எங்கள் முதலாளியைக் கேட்ட கேள்வியை முதலாளி கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை. விதியை மட்டும் சொன்னார்.

கம்பெனி என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு வீட்டின் பின்கட்டு. முதலாளி அதுவரை மில்களுக்கு மோட்டார் காயில் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எல்லாரும் எலக்ட்ரானிக் என்று பேச ஆரம்பித்ததும், அவரும் எலக்ட்ரானிக் தராசு செய்வது என்று இறங்கிவிட்டார். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்திருந்த என்னை வேலைக்கு எடுத்தார். பெண்பிள்ளையை எதற்கு என்று கேட்டவர்களிடம், இவள் முந்திரி தின்ன மாட்டாள் என்று சொன்னதாகக் கேள்வி.

தராசுக்குள் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சில்லு இருக்கும். தட்டில் வைத்த பொருளின் எடையைக் கணக்கிட்டு, சிவப்பு விளக்கு எண்களில் காட்டுவது அதன் வேலை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக ஆணை எழுதி வைப்பது என் வேலை. எழுதிய பிறகு பையில் ஸ்பேனர், சால்டரிங் அயன், சோதனை எடைக்கற்கள் எல்லாம் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, விற்ற கடைகளுக்குப் போய் பழுது பார்ப்பதும் என் வேலைதான். போகிற கடைகளில் எல்லாம், "மெக்கானிக் பின்னால வாராரா?" என்று கேட்பார்கள். நான்தான் என்பேன். என்னையும் என் பையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் போகிற வழியில் இருந்த பலகாரக் கடைக்கு நாங்கள் இரண்டு தராசுகள் விற்றிருந்தோம். கடையின் ஒரு பக்கம் பால்கோவா. மறுபக்கம் காராசேவும் முறுக்கும். பக்கத்துக்கு ஒரு தராசு. கடையை நடத்தியவர் நாற்பது வயதை ஒட்டிய ஒரு அக்கா. கடை அவருடைய மாமனார் ஆரம்பித்தது. மாமனார் போய்ச் சேர்ந்தபின், லாரி ஓட்டுவதில் மட்டுமே நாட்டமிருந்த கணவர் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டு வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனவர், மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார்.

மாமனார் நாளில் கடையில் தொங்கியது ஒரு பித்தளைத் தராசு. அதன் நேர்மை ஊரறிந்தது. சேவுத் தட்டு நன்றாகத் தாழ்ந்த பிறகும் அவர் ஒரு பிடி அள்ளிப் போடுவாராம். அந்தத் தராசைத் தூக்கித் தூக்கித்தான் அக்காவின் தோள்பட்டை இறங்கிப்போனது. கை தலைக்கு மேல் எழும்பவில்லை. அதனால்தான் எலக்ட்ரானிக்குக்கு மாறினார். பித்தளைத் தராசைப் புளி போட்டுத் துலக்கி, மாமனார் படத்துக்குக் கீழே மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. நியாயமான ஓய்வு.

தராசு வாங்கிய அந்த வருஷமே, ஆனி மாதம், கடையிலிருந்து போன் வந்தது. சேவுப் பக்கத்துத் தராசில் நம்பர் குதிக்கிறது என்றார்கள்.

போனேன். கல்லை வைத்தேன். கால் கிலோ கல்லுக்குக் கால் கிலோ காட்டியது. அரைக்கு அரை. எண்கள் சுவரில் எழுதியது போல நின்றன. எப்போது குதிக்கிறது என்று அக்காவைக் கேட்டேன். தனக்கு ஒருபோதும் குதித்ததில்லை என்றார். சேவு போடுகிற ஆளுக்கும் குதிக்கவில்லை. வாங்க வருகிறவர்களுக்கு மட்டும் குதிக்கிறதாம்.

எனக்குக் கோபம் வந்தது. நான் எழுதிய ஆணைகளில் ஆளைப் பார்த்து எண் காட்டு என்று எங்கும் எழுதவில்லை.

அப்போது கடைக்கு வந்திருந்த, வ. புதுப்பட்டி ஊர்க்கார அம்மா ஒருவரிடமே கேட்டேன். காட்டுவேலை முடித்து, பஸ்ஸுக்கு முன் சேவு வாங்க வந்தவர். எத்தனையிலிருந்து எத்தனைக்குக் குதிக்கிறது என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "நம்பர் மாறல தாயி. எரநூத்தம்பதுதான் இருக்கு. இருந்த இடத்துலயே கெடந்து குதிக்கு."

நான் அதை நம்பவில்லை. எடை மாறினால் எண் மாற வேண்டும். எடை மாறாமல் எண் குதிப்பதற்கு எந்தப் புத்தகத்திலும் இடமில்லை. படிக்காத மனுஷி ஏதோ சொல்கிறாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, தராசைத் திருப்பிப் போட்டு, இருந்த எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிட்டு வந்தேன். திருகை இறுக்குவது எங்கள் தொழிலில் திருநீறு பூசுவது மாதிரி. நோய்க்கு மருந்து தெரியாதபோது செய்வது.

மறுவாரம் மறுபடி போன். இந்தத் தடவை அக்காவின் குரல் இறங்கியிருந்தது. கடையில் எடை குறைக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டதாம். கிளப்பியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ரயில்வே பார்சல் ஆபீஸில் ஆயுள் முழுக்க மூட்டைகளை எடை போட்டே ஓய்வு பெற்றவர். பார்சல்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நிற்காத முள்ளை நம்பக்கூடாது என்பது அவருடைய சித்தாந்தம். முள்ளுக்கு உள்ள சட்டம் நம்பருக்கும் உண்டு என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எடை விஷயத்தில் அவர் சொன்னால் ஊரில் அப்பீல் கிடையாது.

அதைவிட மோசமானது வீட்டுக்குள் நடந்தது. அக்காவுடைய கணவரின் அண்ணனுக்குப் பக்கத்துத் தெருவில் பாத்திரக் கடை. தகப்பன் பலகாரக் கடையை ஒரு மருமகள் நடத்துவது அவருக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. இப்போது காரணம் கிடைத்துவிட்டது. ஆடித் தேருக்குள் இந்தப் பேச்சு அடங்கவில்லை என்றால் சாவியைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும், தேர்க் கூட்டத்தில் தகப்பன் பெயர் சந்தி சிரிப்பதைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். கணவர் நாக்பூர்ப் பக்கம் எங்கோ இருந்தார். இருந்தாலும் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசுகிறவர் இல்லை.

இதை எல்லாம் நான் நேரில் போனபோது அக்கா சேவுப் பானையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அழவில்லை. கடைசியில் மட்டும் ஒன்று சொன்னார்: "எங்க மாமா இருந்தா இப்பிடி ஒரு பேச்சு வந்துருக்குமா? அவிய கையில அந்தப் பித்தள ஆடவே ஆடாது. என் கைக்கு வந்ததுந்தான் எல்லாம் ஆடுது."

பழையபடி பித்தளைக்கே போய்விடலாமே என்று கேட்டுவிட்டேன். போனால், களவு வெளிப்பட்டதால் போனதாகத்தான் பேசுவார்கள் என்றார். சரிதான். அதோடு தோள்பட்டையும் இருக்கிறது.

இப்போது எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. முதலில் பால்கோவாப் பக்கத்துத் தராசை விசாரித்தேன். அதில் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. பார்சல்காரரே பேத்திக்கு அந்தப் பக்கம் பால்கோவா வாங்கிக்கொண்டு, அந்தத் தராசு தங்கம் என்று சொல்லிவிட்டுத்தான், இந்தப் பக்கம் வந்து சேவுத் தராசைத் திட்டுவாராம். இரண்டு தராசும் ஒரே நாளில் ஒரே மேஜையில் பிறந்தவை. இரண்டுக்குள்ளும் ஒரே ஆணைகள். இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். தங்கம் என்று பேரெடுத்த தராசு சேவுப் பக்கம் வந்ததும் அதுவும் குதிக்கிறது என்றார்கள் வாங்க வந்தவர்கள். குதித்த தராசு பால்கோவாப் பக்கம் போனதும் தங்கமானது. இரண்டையும் பழைய இடத்துக்கே மாற்றி வைத்தேன்.

ஆக, கோளாறு தராசில் இல்லை, இடத்தில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததற்கு அன்று பஸ்ஸில் மலையைப் பார்த்துக்கொண்டே வந்து பெருமைப்பட்டேன். பாதி உண்மை கிடைக்கிற அன்று வருகிற சந்தோஷம் முழு உண்மை கிடைக்கும்போதுகூட வருவதில்லை.

இடத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். சேவுப் பக்கத்துக்கு மேலே ஒரு டியூப்லைட் இருந்தது. அதன் சோக்கு இரைச்சல் போடுகிறது என்று அதைக் கழற்றிப் பால்கோவாப் பக்கம் மாட்டினேன். எண்கள் சேவுப் பக்கமே குதித்தன. பின்னால் மாவு அரைக்கிற கிரைண்டர் அதே லைனில் ஓடியது. தராசுக்குத் தனி லைன் இழுத்தேன். சாக்கடை ஓரமாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, செம்புக் கம்பி இறக்கி, தனி எர்த் கொடுத்தேன். கிணறு வெட்டுகிறாயா என்று போகிறவர்கள் கேட்டார்கள். எண்ணெய்ப் புகை உள்ளே போகாமல் தராசுக்குக் கண்ணாடிக் கூண்டு கட்டினேன். எண் காட்டுகிற பலகையையே புதிதாக மாற்றினேன். ஆணைகளையும் விட்டுவைக்கவில்லை. எடையைப் பல தடவை பார்த்துச் சராசரி எடுத்த பிறகே காட்ட வேண்டும் என்று மாற்றி எழுதினேன். அதன் பலனாக, தட்டில் பொருளை வைத்ததும் தராசு சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு எண் காட்டியது. குதிக்கிறது என்ற புகாரோடு, யோசிச்சுச் சொல்லுது என்ற புகாரும் சேர்ந்துகொண்டது. யோசித்துச் சொல்கிற தராசு பொய் சொல்கிற தராசு என்று பார்சல்காரர் அடுத்த தீர்ப்பைக் கொடுத்தார்.

ஒருநாள் தராசுகளுக்கு முத்திரை போடுகிற இன்ஸ்பெக்டரும் வந்தார். யாரோ மனுப் போட்டிருக்கிறார்கள். அக்கா வழக்கப்படி ஒரு வாழையிலைத் துண்டில் சேவு அள்ளி நீட்டினார். அவர் கையால் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். ஒவ்வொரு கல்லாக வைத்து, குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் நின்று பார்த்தார். இதைவிடச் சரியான தராசைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு பார்சல்காரர் வந்து, இன்ஸ்பெக்டர் கை நீட்டி எவ்வளவு வாங்கினார் என்று கேட்டார். அன்றைக்குத்தான் அக்கா கடையை நேரத்தோடு சாத்தினார்.

தேருக்குச் சில நாட்கள்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் சேவுப் பக்கத்துத் தராசைக் கழற்றி ராஜபாளையத்துக்கே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளத் தோதாக அக்காவே அதைச் சாக்கில் சுற்றிக் கட்டினார். கட்டும்போது சாக்குக்குள் ஒரு சேவுப் பொட்டலத்தையும் வைத்தார். எங்கள் கம்பெனி விதியைச் சொன்னேன். "கடைக்குள்ள திங்கக் கூடாதுன்னுதான ரூல். அதான் எங்களுக்குமே. ஓங்க ஊர்ல போய்த் தின்னு," என்றார்.

அவர்கள் விதி எங்களுடையதைவிடக் கடுமை. மாமனார் போட்டது. கடைக்குள் உட்கார்ந்து தின்கிறவன் கடைசியில் கடையையே தின்றுவிடுவான் என்பார் அவர். முதலாளியோ, வேலையாளோ, வீட்டுப் பிள்ளையோ, கடைக்குள் ஒரு துணுக்கு வாயில் போடக்கூடாது. அவர் போன பிறகும் அக்கா அதை மீறியதில்லை. வருகிறவர்களுக்கு மட்டும் தடையில்லை. சொல்லப்போனால் அது கட்டாயம். நிறுப்பதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளிக் கையில் வைப்பார்கள். சேவு கேட்டவருக்குச் சேவு, பால்கோவா கேட்டவருக்குப் பால்கோவா. வாய் ருசி பார்க்கும், கண் தராசைப் பார்க்கும். அந்த வட்டாரத்தில் பலகாரம் வாங்கும் முறையே அதுதான்.

மறுநாள் மத்தியானம் பட்டறையில் தராசை மேஜை மேல் வைத்து, கல்லை ஏற்றி, எதிரே உட்கார்ந்தேன். எண்கள் நின்றன. பார்த்துக்கொண்டே இருந்தேன். பசித்தது. விதியை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். இது வாடிக்கையாளர் இடம் இல்லை, என் இடம். பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன்.

எண்கள் குதித்தன.

மெல்லுவதை நிறுத்தினேன். எண்கள் நின்றன. மென்றேன். குதித்தன. இரண்டு குதித்தது, ஐந்து குதித்தது, பூஜ்யம் குதித்தது. ஒன்று மேலே போனால் இன்னொன்று கீழே வந்தது. இருநூற்றைம்பது இருநூற்றைம்பதாகவே இருந்தது. இருந்த இடத்திலேயே கிடந்து குதித்தது. வ. புதுப்பட்டி அம்மா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

மேஜை ஆடுகிறதோ என்று எழுந்து தள்ளி நின்று மென்றேன். குதித்தது. சுவரைப் பார்த்து மென்றேன், சுவர் குதிக்கவில்லை. வெறும் வாயை அசைத்தேன், ஒன்றுமில்லை. மறுபடி சேவு. குதித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரத்தினால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அது காரம் இல்லை.

முதலாளி உள்ளே வந்தபோது நான் பொட்டலத்தில் பாதியைக் காலிசெய்து, தராசை முறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "ஏமி அம்மாயி, என்ன பண்ற?" என்றார். நான் ஒன்றும் விளக்காமல் பொட்டலத்தை நீட்டி, மென்றுகொண்டே தராசைப் பாருங்கள் என்றேன். அவர் சேவை எடுத்து, கையில் இருந்த டீயில் முக்கி, ஊறவைத்துத் தின்றார். பல்செட் கட்டியவர். தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். டீயில் முக்காமல் தின்னுங்கள் என்று சத்தம் போட்ட பிறகுதான் பல்லுக்குப் பயந்து பயந்து ஒன்றைக் கடித்தார். கடித்த வாய் அப்படியே நின்றது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மீதிப் பொட்டலத்தையும் முடித்தார்.

விஷயம் இதுதான். தராசில் எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. சில்லு ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணைத்தான் எரிய விடும். அதை அணைத்துவிட்டு அடுத்தது, அதை அணைத்துவிட்டு அதற்கடுத்தது. இப்படி வேகமாகச் சுற்றி வருவதால் எல்லாம் சேர்ந்து எரிவதாக நம் கண் நம்பிக்கொள்கிறது. பந்தியில் ஒரே ஆள் ஓடி ஓடிப் பரிமாறினாலும் எல்லா இலையிலும் சாம்பார் இருப்பது மாதிரி. ஆனால் மொறுமொறுப்பான ஒன்றைக் கடிக்கும்போது தாடை அதிர்ந்து, மண்டை அதிர்ந்து, கண்ணும் அதிர்கிறது. இரண்டு எரியும்போது கண் ஓரிடத்தில், ஐந்து எரியும்போது வேறிடத்தில். எண் குதிக்கிறது. பால்கோவா அதிராது. அதனால்தான் அந்தப் பக்கம் தங்கம்.

அக்கா கடைக்குள் தின்ன மாட்டார். வேலையாளும் தின்ன மாட்டார். நான் விதிக்குக் கட்டுப்பட்டவள். இன்ஸ்பெக்டர் நேர்மையானவர். கை நீட்டுகிற ஆளாக இருந்திருந்தால் முதல் பிடியிலேயே கண்டுபிடித்திருப்பார். ஒழுங்காக நடந்துகொண்ட அத்தனை பேருக்கும் அது தெரியவில்லை.

எங்கள் தராசில் அந்தச் சுற்றின் வேகம் போதவில்லை. அது ஏன் குறைவாக இருந்தது என்பதற்கும் காரணம் இருந்தது. முதன்முதலில் வேகமாகத்தான் வைத்திருந்தேன். அப்போது ஒரு எண்ணின் நிழல் பக்கத்து எண்ணில் மங்கலாக விழுந்தது. மெதுவாகப் போனால் நிழல் விழாது என்று முதலாளி சொன்னார், குறைத்தேன், நிழல் போயிற்று. இப்போது வேகத்தைப் பல மடங்கு ஏற்றினால் நிழல் திரும்ப வரும். வந்தது. ஒரு எண்ணை அணைத்ததும் அடுத்ததை உடனே ஏற்றாமல், நடுவில் இமைக்கும் பொழுதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிட்டுப் பிறகு ஏற்று என்று எழுதினேன். தராசை யோசிக்க வைத்த சராசரி ஆணையையும் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும், ஆணைகள் பதிந்த சில்லைக் கழற்றி, ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பழையதை அழித்து, புதியதைப் பதிய வேண்டும். விளக்கு அழிக்கிற நேரம் முழுக்கக் காத்திருந்து, பதிந்து, மாட்டி, சேவு தின்று பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் முதலாளி வீட்டிலிருந்து முறுக்கு, தட்டை எல்லாம் வந்தது. எதற்கும் எண்கள் அசையாத நிலை வந்தபோது எனக்கு இரண்டு நாளைக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

தேருக்கு முந்தின நாள் தராசை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கினேன். ஊர் நிறையக் கூட்டம். சுந்தரபாண்டியத்திலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்தவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கடையில் மட்டும் சேவுப் பக்கம் ஆள் குறைவு. பாத்திரக் கடைக்காரரான அக்காவின் மூத்தார் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கல்லா மேல் சாவிக்கொத்து இருந்தது.

நான் தராசை வைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். பார்சல்காரரைக் கூப்பிட வேண்டிய தேவை ஏற்படவில்லை. அவர் ஏற்கெனவே வாசலில் இருந்தார். அக்கா ஒரு பிடி சேவை அவர் கையில் வைத்து, கால் கிலோ நிறுத்தார். அவர் மென்றார், பார்த்தார். குனிந்து மென்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மென்றார். எண்கள் அம்மிக்கல் மாதிரி நின்றன. எனக்கு உள்ளுக்குள் கர்வம் பொங்கியது.

"இப்ப சரி பண்ணிட்டிய," என்றார் பார்சல்காரர். "அப்ப இம்புட்டு நாளும் சரியில்லன்னுதான அர்த்தம்."

மூத்தார் சாவிக்கொத்தைப் பார்த்தார். அக்காவின் முகம் வெளிறிப்போனது. பழுது பார்த்ததே குற்றப் பத்திரிகை ஆகும் என்று டிப்ளமோவில் சொல்லித் தரவில்லை. அந்த மனிதரை அந்த இடத்திலேயே இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தி, என்ன கோளாறு என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். சேவு, தாடை, கண், எல்லாவற்றையும் சொன்னேன். பார்சல்காரர் சிரித்தார். கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பால்கோவாப் பக்கத் தராசிலும் நான் கை வைத்துவிட்டேனா என்று கேட்டார். இல்லை, அதில் பழைய ஆணைகள்தான் இருக்கின்றன என்றேன்.

அவ்வளவுதான். பால்கோவாத் தராசை நல்ல தோளில் அணைத்துத் தூக்கிவந்து, புதிதாக மாற்றிய தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் கல்லை ஏற்றச் சொன்னார். இரண்டும் இருநூற்றைம்பது காட்டி நின்றன. "அண்ணாச்சி, இது நீங்க பேத்திக்குப் பால்கோவா வாங்குன தராசு. தங்கம்னு சொன்னிய," என்று சொல்லிக்கொண்டே அவர் கையில் சேவை வைத்தார்.

பார்சல்காரர் மென்றார். தங்கம் குதித்தது. அவர் வாய் நின்றது, தங்கமும் நின்றது. அடுத்து அவர் கையில் பால்கோவாவை வைத்தார் அக்கா. தங்கம் தங்கமாக இருந்தது. மறுபடி சேவு. குதித்தது. பக்கத்தில் இருந்த புதுத் தராசு சும்மா நின்றது. ஆயுள் முழுக்க எடை பார்த்த மனிதர், எண்ணையும் பார்க்காமல் ஆளையும் பார்க்காமல் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். தப்பு என்று அவர் சொல்லவில்லை. இன்னும் நிச்சயப்படுத்த வேண்டியிருக்கிறது என்று கையை மட்டும் மறுபடி நீட்டினார். அதற்குள் நின்றவர்கள் எல்லாரும் கை நீட்டிவிட்டார்கள். தேர் பார்க்க வந்த கூட்டம் வரிசையில் நின்று தராசைப் பார்த்துச் சேவு தின்றது. குதிக்குதுடா, குதிக்குதுடா என்று தெருவரைக்கும் கேட்டது.

மூத்தார் மட்டும் அசையவில்லை. அக்கா அவர் பக்கமும் ஒரு பிடியை நீட்டினார். கடைக்குள் தின்ன மாட்டேன் என்றார் அவர். "அய்யா இருந்தா இந்தக் கூத்தெல்லாம் நடக்குமா? அய்யா முதல் நாளே என்னன்னு கண்டுபிடிச்சிருப்பாக," என்றும் சொன்னார்.

நீட்டிய கையை அக்கா மடக்கவில்லை. மாமனார் படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தப் பிடியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அந்தக் கடைக்குள் அவர் தின்று யாரும் பார்த்ததில்லை. வேலையாள் அள்ளு கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அக்கா பால்கோவாத் தராசைப் பார்த்தபடி மென்றார். பார்த்துக்கொண்டே இருந்தவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை, மெல்லுவதை நிறுத்தவும் இல்லை.

விழுங்கிவிட்டு முதலில் வேலையாளைப் பார்த்து, பூண்டு பத்தவில்லை என்றார். பிறகுதான் மூத்தாரிடம் திரும்பினார்.

"மாமாவும் கடைக்குள்ள ஒரு வா தின்னதில்ல. அவியளுக்கும் தெரிஞ்சிருக்காது."

அக்கா கல்லா மேல் இருந்த சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்து நின்றவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கால் கிலோ சேவு என்றார் அவர். அக்கா முதலில் ஒரு பிடி அள்ளி அவர் கையில் வைத்தார்.